வலது பக்கம் உட்காரும் டிரைவர்

1. ஏழு திரும்பியிருந்தது

அன்று காலை பதினோரு மணிக்கு பித்தளை இன்ஜின் மாடல் பார்சல் பெட்டிக்குள் போகத் தயாராக இருந்தது. ஐந்து மணிக்கு கூரியர் வண்டி வரும். பாக்கி இருந்தது நம்பர் எழுதும் வேலை மட்டும்தான். எங்கள் பெயின்டர் பிலோமினா லென்ஸை மாட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த போட்டோவின் அருகே போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

"மேஸ்திரி, இங்க வாயேன். இந்த ஏழு இன்னாத்துக்கு திரும்பிக்கினு கீது?"

போய்ப் பார்த்தேன். ஏழு திரும்பித்தான் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

திருவொற்றியூரில் எங்களுடையது சின்னப் பட்டறை. பித்தளையில் ரயில் மாடல் செய்கிறோம். முதலாளி சம்பத், பெயின்டர் பிலோமினா, ஃபிட்டர் நான், மூன்றே பேர். பேசின் பிரிட்ஜ் பக்கம் லோகோ ஷெட்டில் நீராவி இன்ஜினில் கைவைத்து, டீசலில் ரிட்டயர் ஆனவன் நான். "நான் ஷெட்டில் இருந்தப்போ" என்று ஆரம்பித்தால் பட்டறையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

இந்த ஆர்டர் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி கொடுத்தது. மலைப்பக்கம் நிலக்கரி இழுத்த பழைய ரயில் கம்பெனி ஒன்று. இப்போது அது இல்லை. அதன் இன்ஜின் ஒன்று, நிலக்கரி வேகன் இரண்டு, கடைசியில் சிவப்பு கபூஸ். கபூஸ் என்றால் நம்ம ஊர் கார்டு வேன் மாதிரி. அவருடைய அப்பா அந்த இன்ஜினின் டிரைவர். கண் பார்வை போய்விட்டது, பேர்களும் மறந்து போகின்றன, இன்ஜினை மட்டும் மறக்கவில்லை என்று எழுதியிருந்தார். தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அதை அவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அதற்காக டிரைவர் கேபின் கூரையைக் கழற்றும்படி செய்யச் சொன்னார். அன்றைய வண்டியை விட்டால் பிறந்தநாளுக்குப் போய்ச் சேராது.

வெளிப்பக்கத்துக்கு டிராயிங் இருந்தது. கேபின் உள்ளே எப்படி என்பதற்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ: அப்பா கேபின் ஜன்னலில் முழங்கையை வைத்து வெளியே பார்க்கிறார். அவர் இருந்தது இன்ஜினின் வலது பக்கம். நான் பார்த்த நீராவி இன்ஜின் எல்லாவற்றிலும் டிரைவர் இடது பக்கம். "நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரின்ட் எடுத்திருக்கான், நேராக்கிக் கொடு" என்று சம்பத்திடம் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரில் திருப்பி, பெரிதாக்கிக் கொடுத்தான். அதைச் சுவரில் ஒட்டிவைத்து, சீட்டு, நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டர், பிரேக் கைப்பிடி எல்லாவற்றையும் இடது பக்கம் பற்றவைத்தேன். என் கைக்கு அது வீட்டு வாசல் மாதிரி பழகிய இடம்.

ஜன்னலுக்குக் கீழே கரி படிந்த நம்பர் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. போட்டோவை நான் நேராக்கியிருந்தால் ஏழு ஏன் திரும்ப வேண்டும்? அந்த ஊரில் டிரைவர் வலது பக்கம்தான் உட்காருவார்.

2. உருளைக்கிழங்கு

சம்பத் ஓடிவந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ நைனா, நான்தான் கம்ப்யூட்டர்ல இன்னாவோ தப்பா அமுக்கிட்டனா?"

நான் சொன்னதை அவன் மறந்தே போயிருந்தான். நான் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிலோமினா என்னையே பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"நான்தான்டா திருப்பச் சொன்னேன்," என்றேன்.

சம்பத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையில் கையை வைத்து உட்கார்ந்துகொண்டு, "கூரைய ஒட்டி அனுப்பிடலாம் நைனா. உள்ள கைய வுட்டாத்தானே தெரியும்?" என்றான்.

"கைய வுடத்தானே அந்தம்மா கேட்டுது," என்றாள் பிலோமினா. "கண்ணு தெரியாத மன்சன ஏமாத்தாதீங்கப்பா."

எல்லாவற்றையும் வலது பக்கம் மாற்றுவது என்று முடிவாயிற்று. கழற்றுவது சுலபம். திரும்பப் பற்றவைப்பதுதான் பேஜாரு. பித்தளையில் ஒரு மூலையைச் சூடாக்கினால் மறுமூலை வரை சூடு ஓடும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும், பக்கத்தில் இருக்கும் குழாய்கள் ஈயம் இளகி விழும். ஈரத்துணி சுற்றினால் தண்ணீர் உள்ளே இறங்கும். பிலோமினாவின் அண்ணன் ராயபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். கல் பதித்த நகையில் பற்றவைக்கும்போது கல்லை உருளைக்கிழங்கில் செருகுவார்களாம், சூட்டை அது வாங்கிக்கொள்ளும். நான் பாகங்களைக் கழற்றி, பழைய ஈயத்தைச் சுரண்டி முடித்ததும், எதிர் பஜ்ஜிக் கடையில் நான்கு கிழங்கு வாங்கிவந்து, வெட்டி, கேபினின் வெளிச்சுவரில் இரண்டு பக்கமும் அவளே அழுத்திப் பிடித்தாள்.

கேஸ் டார்ச்சைக் கொளுத்தியபோது போன் அடித்தது. கூரியர்காரர்.

"சார், எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி ரெண்டு லைனா நிக்குது. அஞ்சு மணிக்கு எடுத்தா ஏர்போர்ட் போய்ச் சேர முடியாது. மூணரை மணிக்கே வந்து எடுத்துக்கினு போய்டறேன்."

மணி ஒன்றேகால். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். ஷெட்டில் பாய்லருக்கு உள்ளேயே இறங்கி வேலை பார்த்த கைதான். முதல் தடவை ரெகுலேட்டர் கோணலாக உட்கார்ந்தது. எடுத்தேன். இரண்டாம் தடவை என்னை அறியாமல் கை இடது பக்கமே போயிற்று.

"வலது, மேஸ்திரி," என்றாள் பிலோமினா. கிழங்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது, அவள் விரல் சிவந்திருந்தது, பிடியை விடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் "வலது" என்று அவள் சொல்வாள், நான் வைப்பேன். மூன்று மணிக்குக் கடைசியாக பிரேக் கைப்பிடி உட்கார்ந்தது. வெளிச்சுவரில் கடுகளவு ஒரு கொப்புளம், அவ்வளவுதான். அதைச் சுரண்டி, பெயின்ட் தொட்டு வைத்து, உண்மையான போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்பரை எழுதினாள். ஏழு நேராக நின்றது. பெயின்ட் காய்வதற்கு சம்பத் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கும்போதே வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

3. வீடியோ

பிறந்தநாளுக்கு மறுநாள் அந்த அம்மா வீடியோ அனுப்பினார். மூன்று பேரும் சம்பத்தின் போனுக்கு மேலே தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பெரியவர் மடியில் இன்ஜின். மகள் கூரையைக் கழற்றுகிறார். கிழவரின் விரல் உள்ளே இறங்கி, தேடாமல், நேராக வலது பக்கம் போய் ரெகுலேட்டரைத் தொட்டது. இடது கை அதன்மேல் இருக்க, வலது முழங்கையைத் தூக்கி, இல்லாத ஜன்னலில் வைத்துக்கொண்டார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார்.

சம்பத் கீழே இருந்த செய்தியைப் படித்துச் சொன்னான்: "இத செஞ்சவரு எங்க லைன்ல வேல பாத்தவரான்னு கேக்கறாராம் நைனா. இன்னா எழுதட்டும்?"

ஆமாம் என்று எழுதச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. பிலோமினா அதற்குள் தன் இடத்துக்குப் போய் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுது," என்றேன். "செஞ்சவன் வேற லைன்ல வேல பாத்தவன். அவன் இடது பக்கம்தான் வச்சான். இன்ஜின் மேல ஏறியே பாக்காத ஒரு பொம்பள வலது பக்கம் மாத்த வச்சுது. அதோட பேர் பிலோமினா."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வந்த போட்டோ தப்பு என்று தோன்றினால், முதலில் அதில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். நீங்கள் எந்த ஷெட்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பது போட்டோவுக்குத் தெரியாது.

திருப்பிப் போட்ட அந்தப் படத்தை சம்பத் கிழிக்கப் போனான். வேண்டாம் என்றேன். என் மேஜைக்கு நேர் எதிரே அது இன்னும் இருக்கிறது. "நான் ஷெட்டில் இருந்தப்போ" என்று வாய் எடுக்கும்போதெல்லாம் அந்த ஏழு கண்ணில் படும்.