முந்திரி போடாத சர்க்கரைப் பொங்கல்

ஷிஃப்ட் எட்டு மணிக்குத்தான். ஆனால் ஆயுத பூஜை அன்று ஜெபா ஆறு மணிக்கே கம்பெனிக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் குழாய் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முதல் பெண் அவள்தான். வண்டி கைக்கு வந்து நாலு மாதம், இது அதற்கு முதல் பூஜை. சந்தனம் குழைத்து நாலு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தாள். கழுத்துச் சிலுவை ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்து விழுந்தது. அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தாள்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். பூஜை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலில் முதல் கைப்பிடி வண்டி ஓட்டுகிறவர் வாயில் விழவேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. யார் ஆரம்பித்தது என்று எவருக்கும் தெரியாது. மாற்றச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

ஜெபாவுக்கோ முந்திரி ஆகாது. ஏதோ அரிப்பு, தடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு வயதில் முந்திரி போட்ட ஒரு துண்டு கிறிஸ்துமஸ் கேக் தின்று, உதடு வீங்கித் தொண்டை அடைத்துப்போனவளைப் புதுவாயலிலிருந்து அவள் அப்பா ஸ்டீபன் ஆஸ்பத்திரிக்கு பைக்கில் தூக்கிக்கொண்டு பறந்தார். தொடையில் ஊசி இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

போன வருஷம் பேக்கிங் பிரிவில் இருந்தபோது பொங்கல் வேண்டாம் என்றாள். "அல்லேலூயா பார்ட்டி, சாமி சோறு துன்னாது" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ரோஷம் வந்துவிட்டது. முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு ஒரு வாய் தின்று காட்டினாள். படித்த பெண் செய்கிற வேலையா இது? பருப்பைப் பொறுக்கலாம், அது வறுபட்ட நெய்யை எப்படிப் பொறுக்குவது? பத்தாவது நிமிஷம் ஆம்புலன்ஸ். அதற்கப்புறம் சோதித்த டாக்டர் முந்திரி, பிஸ்தா இரண்டும் கூடாது, வேர்க்கடலை தாராளமாகத் தின்னலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகல் இப்போது கம்பெனி முதலுதவி அறை நர்ஸிடம் இருக்கிறது, ஊசி மருந்தும் அங்கே தயார்.

இந்த வருஷம் ஒரு வாரம் முன்பே கேன்டீன் மாஸ்டர் ஆதிகேசவனிடம் போய் எல்லாம் சொன்னாள். "உனக்கோசரம் தனி குண்டான்மா, முந்திரி வாசனைகூட இருக்காது" என்றார் மனுஷன். ஜெபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூஜை ஆயிற்று. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்ததும் நூற்றி நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஆதிகேசவன் தட்டை நீட்டினார். ஒரு கைப்பிடி அள்ளி வாயருகே கொண்டுபோனவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"நெய் எதுல காய்ச்சினீங்க மாஸ்டர்?"

"பெரிய வாணலிதான். முந்திரிய வறுத்து எட்த்துட்டு, நெய்ய மட்டும் உன்துல ஊத்தினேன். ஒரு பருப்பு இல்ல, கிளறிப் பாரு."

கை அப்படியே நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"சாஸ்திரத்துக்கு நாக்குல வெச்சிக்கம்மா, எல்லாரும் பசியோட இருக்காங்க" என்றார் சூப்பர்வைசர் பூவராகவன்.

இப்போது மறுத்தால் பழைய பேச்சு மறுபடி கிளம்பும். மறுக்காவிட்டால் பேசுவதற்கு அவளே இருக்கமாட்டாள். பொங்கலைத் தட்டிலேயே போட்டாள்.

"சாமி மேல எனக்கு இன்னா சார் கோவம்? காலையிலேர்ந்து நான்தான் பொட்டு வெச்சிகினு இருக்கேன். முந்திரி வறுத்த நெய்யே போதும், நான் செத்துப் பூடுவேன். போன வருசம் பாத்தீங்க இல்ல."

ஆதிகேசவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினார்.

பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாக நீண்டது. புதுக் குண்டான், புதுக் கரண்டி, பிரிக்காத நெய் பாக்கெட். ஷெட்டில் எல்லாருக்கும் வயிறு கத்தியது, பூவராகவன் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் ஒருத்தர்கூட பொங்கலில் கைவைக்கவில்லை. ஜெபா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மாஸ்டர் வந்தார். ஜெபா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டாள். நூற்றி நாற்பது பேரும் அவள் உதடு வீங்குகிறதா என்று உற்றுப் பார்த்தார்கள். நர்ஸ் கதவோரம் பெட்டியோடு நின்றாள்.

"இன்னாம்மா ஆவுது?" என்று ஆதிகேசவன் குனிந்து கேட்டார்.

இருபத்தாறு வயதில் பயமில்லாமல் தின்கிற முதல் சர்க்கரைப் பொங்கல். ஜெபா நிதானமாக மென்று விழுங்கினாள்.

"வெல்லம் கொஞ்சம் கம்மி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கைப்பிடிக்குக் கையை நீட்டினாள்.