கம்ப்ரசர் அறை நோட்டு

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்த முதல் வாரம், கம்ப்ரசர் அறையின் பதிவு நோட்டை வாங்கிப் பார்த்தேன். கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்பினால்தான் நூலைக் கோனில் சுற்றும் இயந்திரங்கள் ஓடும். அதன் சூட்டை மணிக்கொரு தரம் பார்த்து எழுத வேண்டும். எழுதியிருந்தார்கள். எல்லா மணிக்கும் எண்பத்து நான்கு டிகிரி. சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் எண்பத்து நான்கு. நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் மில்லுக்கே விடுமுறை விட்டிருந்த ஒரு நாளிலும் அதே எண்பத்து நான்கு.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். நேராக ஆபரேட்டரிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர். பல வருடமாக அந்த அறையில்தான் வேலை.

“ஏங்க, கரண்ட்டே இல்லாத அன்னிக்கு மிஷின் எப்படிங்க சூடாச்சு?”

கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். “ஒருக்கா தொண்ணூத்தி மூணுன்னு எழுதுனனுங்க மேடம். நெசமாவே அத்தன இருந்துச்சு. நீ என்ன பண்ணித் தொலச்சேன்னு அப்ப இருந்த சாரு அரை நாளு ஆபீஸ் வாசல்ல நிக்க வெச்சுப்போட்டாருங்க. அதுக்கப்புறம் மேல என்ன இருக்குதோ அதையே கீழயும் எழுதிப்போடறதுங்க.”

என் கோபம் ஆள் மாறியது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில், அம்மாபேட்டையில் பஸ் இறங்கியதும் ஒரு தடித்த நோட்டு வாங்கினேன். பழைய நோட்டில் தலைப்புகள் எல்லாம் ஆங்கிலம். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தமிழில் எழுதினேன். கடைசிக் கட்டத்தை மட்டும் அகலமாக விட்டேன்: ‘என்ன பார்த்தேன், என்ன செய்தேன்’. மறுநாள் மூன்று ஷிப்ட் ஆபரேட்டர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன்: “பாக்கறத அப்படியே எழுதுங்க. எந்த நம்பரா இருந்தாலும், என்ன ஆகியிருந்தாலும், யாரும் உங்களத் திட்ட மாட்டாங்க. கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கறேன்.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. இரண்டு வாரம் ஒவ்வொரு ஷிப்டிலும் போய் அவர்கள் பக்கத்தில் நின்று, சேர்ந்து மீட்டரைப் பார்த்தேன். மெல்ல மெல்ல எண்கள் அசைய ஆரம்பித்தன. மதியம் மட்டும் சூடு ஏறுவது நோட்டில் தெரிந்தது. கம்ப்ரசரின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றினால் உள்ளே பஞ்சுத் தூசி மெத்தைபோல அடைந்திருந்தது. சுத்தம் செய்து மாட்டிய அன்றைக்கு, ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு காலை, அதே ஆபரேட்டர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்தார். அகலமான கட்டத்தில் கோணல் எழுத்தில் இருந்தது: ‘ஆயில் குறைவு. நிறுத்தி ஊற்றினேன். டின் மாறிவிட்டது. கியர் ஆயில் விழுந்துவிட்டது. ஓட்டவில்லை.’

பல்சக்கரங்களுக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய் அது. அவர் மூடியை முடுக்கி ஓட விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, என்றைக்காவது மிஷின் இறுகி நிற்கும்வரை. இருந்த எண்ணெய் முழுவதையும் இறக்கி, கழுவி, சேலத்திலிருந்து புது எண்ணெய் வரும்வரை கோன் சுற்றும் இயந்திரங்கள் எல்லாம் நின்றன. சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அந்த ஆளக் கணக்கு முடிச்சு அனுப்பிப்போடுங்க அம்மணி.”

“அவராவே எழுதிக் கொடுத்ததுங்க சார். எழுதலேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“அதுக்கு? தப்புப் பண்றவனுக்கு மாலை போடச் சொல்றீங்களா?”

“மாலை வேண்டாங்க சார். ரெண்டு ஆயிலும் ஒரே நிற டின்னு, ஒரே ரேக்கு. அத அப்படி வெச்சது நம்ம தப்பு. யாரும் திட்ட மாட்டாங்கன்னு அவங்களுக்கு வாக்குக் கொடுத்தது நான். அனுப்பறதுன்னா என்னை முதல்ல அனுப்புங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அவரை அனுப்பிவிட்டால் நாளையிலிருந்து அந்த நோட்டில் ஓர் உண்மைகூட விழாது.

முதலாளி நோட்டை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டினார். கூலர் கழற்றியதை எழுதியிருந்த பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தி வெகுநேரம் படித்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, “ரேக்கைப் பிரிச்சு வைங்க. இன்னொருக்கா ஆச்சுன்னா ரெண்டு பேரையும் கேப்பேன்,” என்றார்.

ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னேன். “அப்ப நாளைக்குக் காலைல வாரனுங்க,” என்றார், லீவு முடிந்து வருகிறவர்போல. மறுநாள் கியர் ஆயில் டின்கள் எல்லாவற்றிலும் சிவப்புப் பட்டை அடித்திருந்தது. நான் அடிக்கச் சொல்லவில்லை. அவராகவே அடித்து, அதை நோட்டிலும் எழுதியிருந்தார்.

இப்போது ஈரப்பதக் காற்று தரும் பிளான்டுக்கு ஒரு நோட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே இருக்கும் ஆபரேட்டர், “எனக்கு எழுத நேரமில்லீங்க,” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.