எல்போ லைட்

நாகல் நகரில் குழாய் வேலை பார்க்கும் மதியழகனுக்கு டார்ச் என்றால் பைத்தியம். வீட்டில் ஏழெட்டு இருந்தாலும் சட்டைப் பையில் ஏறுவது ஒன்றே ஒன்றுதான். கட்டைவிரல் நீளம், சாம்பல் நிறம், தலை மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கிளிப்பைப் பையில் செருகிவிட்டால் வெளிச்சம் நேரே முன்னால் விழும். இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். குழாயைத் திருப்பும் எல்போ மாதிரியே இருந்ததால் அதற்கு 'எல்போ லைட்' என்று பேர் வைத்தான். அதன் பெருமையை அவன் ஆரம்பித்தால் போதும், மனைவி பவித்ராவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வேலை முடிந்து மிஞ்சிய எல்போக்களைச் சாக்கில் அள்ளி, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை அள்ளியதில் லைட்டும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் காலை வெறும் பையைத் தடவியவன் கடைக்கு ஓடினான்.

"பாய், என் எல்போ இங்க வந்துச்சா?"

கடைக்காரர் முகமது யாசின் பெட்டியைக் காட்டினார். "நானூறு கெடக்கு. பேரச் சொல்லிக் கூப்பிடு, உன்னோடது எந்திரிச்சு வரும்."

கவிழ்த்துப் பார்த்தும் இல்லை. "விடிஞ்சதும் எரியோடு ஊர்க்காரம்மா சிவனம்மா பத்து எல்போ எடுத்துட்டுப் போச்சே" என்று யாசின் போன் போட்டார். மறுமுனைக் குரல் கடை முழுக்கக் கேட்டது: "பாய், பத்துல ஒண்ணு வெளிச்சம் அடிக்குது!"

மதியழகன் வண்டியை முறுக்கினான்.

சிவனம்மாள் கத்திரித் தோட்டத்தில், தொட்டியிலிருந்து வரும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். லைட் அவள் தோள் துண்டில் தொங்கியது.

"தாரேன். ஆனா எனக்கு ஒரு எல்போ குறையுதுல்ல? அத வச்சுட்டு இத எடுத்துக்க."

வந்த வேகத்தில் அவன் ஒன்றும் கொண்டுவரவில்லை. "நாளைக்குக் கொண்டாரேன்க்கா."

"அப்ப லைட்டும் நாளைக்குத்தான். செடி வாடிக் கெடக்கு அப்பு."

ஒரு நாள் முழுக்கவா? அவனுக்குப் பொறுக்கவில்லை. கிடந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் மணலை இறுக அடைத்தான். காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி அனலில் உருட்டினான். குழாய் இளகியதும் கல்லில் சாய்த்து மெல்ல வளைத்துத் தண்ணீர் ஊற்றினான். மணலைக் கொட்டிவிட்டு, முனைகளையும் சூடுகாட்டி அகட்டி, பசை தடவிச் செருகினான். செத்த நேரம் காயவிட்டு வால்வைத் திறந்தால், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சிவனம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லைட்டைக் கழற்றியவள், சேறாக இருக்கிறதே என்று ஓடுகிற தண்ணீரில் முக்கி அலசினாள்.

"அய்யய்யோ, தம்பி, கெட்டுப்போயிருமோ?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. தண்ணிக்குள்ளயே எரியும்."

"அம்புட்டு கெட்டியா! சரி, தலை ஏன் இப்படித் திரும்பிக்கிட்டு நிக்குது?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. மதியழகன் வரப்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்ப அவள் எழுந்து போனபோதும், சொல்லிக்கொண்டே பின்னால் போனான்.