ஒரு கரண்டி ஸம்ஸம்

மாமாவின் பள்ளிக்கூட வேனில் கடைசி வரிசைக்குப் போகும் பிள்ளைகள் கொஞ்சக் காலம் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அலுவிகாரையிலிருந்து மாத்தளை டவுன் வரைக்கும் வேன் முழுக்கக் காலுறை நாற்றம். ஏன் என்று கேட்டவர்களுக்கு மாமா காரணம் சொல்லவில்லை. காரணம் தெரிந்த ஒரே பயணி நான்தான். அந்தப் பெருமையில் நான் காலுறையையும் சேர்த்துக் கழற்றினேன்.

மாமா என் உம்மாவின் மூத்த சகோதரர். அவரும் மாமியும் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என்னையும் ராத்தாவையும், அதாவது என் மூத்த சகோதரியையும், தங்கள் பிள்ளைகளாகவே வைத்துக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து மக்காவுக்கு உம்றா என்னும் புனிதப் பயணம் போவதாகத்தான் ஏற்பாடு. பாஸ்போர்ட் கூட எடுத்தாயிற்று. அதற்குள் மாமியின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதும், வந்து படுப்பதுமாக அவருடைய நாட்கள் போயின. தண்ணீர் கூட அளந்துதான். காலையில் ஒரு சின்னப் போத்தலை நிரப்பி வைப்பார். தேநீர், கஞ்சி, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தப் போத்தலை அவர் பார்க்கும் பார்வையைக் கண்டால் எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

மாமா பயணத்தை விட்டுவிடப் பார்த்தார். மாமிதான் விடவில்லை. “நீங்க போய் எனக்காக துஆ கேளுங்க. வரக்குள்ள ஸம்ஸம் கொண்டாங்க. எனக்கு அது போதும்” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஸம்ஸம் என்பது மக்காவில் இருக்கும் புனிதக் கிணற்றின் தண்ணீர். போய் வந்தவரைப் பார்க்க ஊரே திரண்டு வரும். வருகிறவர்களுக்கு ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு ஸம்ஸமும் கொடுப்பது எங்கள் வழக்கம். மாமாவும் ஒரு பெரிய கேன் நிறையக் கொண்டுவந்தார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில், வேனின் பின்பக்கம், பெட்டிகளுக்கு அடியில் கிடந்து அந்தக் கேனில் கீறல் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. வாசலில் கதவைத் திறந்தபோது வேனின் கம்பளம் ஊறிப்போயிருந்தது. கேனின் அடியில் மிஞ்சியதை ஊற்றினால் ஒரு தேத்தண்ணிக் கோப்பைதான் நிறைந்தது.

மாமா அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தமில்லாமல், தாடி நனைய, அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே அழுதார். மாமி உள்ளறையில் படுத்திருந்தார்.

“இது அவளுக்கு. வர்றவங்களுக்கு ஈச்சம்பழம் மட்டும் குடுப்போம்” என்றார் மாமா.

“அது சரிவராது நானா. எத்தன பேர் நோய் நொடியோட அதக் கேட்டு வருவாங்க” என்று அண்ணனிடம் சொன்னார் உம்மா. “தண்ணியில கலந்து குடுங்களே. எல்லாரும் கலக்குறதுதானே?”

“எவ்வளவக் கலக்குற? நெறைய ஊத்தினா அவளுக்கு ஒண்ணும் மிஞ்சாது. கொஞ்சமா ஊத்தினா அது வெறும் பைப் தண்ணி. அதக் குடுத்து ஸம்ஸம்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

இந்த இடத்தில்தான் ராத்தா நுழைந்தாள். அவள் உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதங்களில் எதைக் கண்டாலும் அதில் எத்தனை அணு இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் வியாதி அவளுக்குப் பிடித்திருந்தது. சீனிக் கரண்டி, மிளகு, உம்மாவின் தோடு ஒன்றும் தப்பவில்லை. என் மூக்குச் சளியைக் கூட அவள் விட்டுவைக்கவில்லை. வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்று மாமாவுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

சுவர் நாட்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அவள் எழுதத் தொடங்கினாள். பதினெட்டு கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு, ஒரு தேக்கரண்டி என்றால் எத்தனை, ஒவ்வொன்றிலும் மூன்று அணு. சைபர்கள் தாளைத் தாண்டி மேசைவிரிப்புக்கு இறங்கின. உம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஒரே ஒரு கரண்டிய இருபது லீட்டர் அண்டாவுல கலக்குங்க மாமா. ஒரு மிடறு எடுத்தா, அதுக்குள்ள ஸம்ஸம் அணு மட்டும் அஞ்சு போட்டு அதுக்குப் பின்னால இருபது சைபர்” என்றாள்.

“அது எவ்வளவு?”

“உலகத்துல இரிக்கிற ஆக்கள் எல்லாரும் சேந்து, சாப்பிடாம தூங்காம, செக்கனுக்கு ஒண்ணா எண்ணினாலும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல போகும். அது ஒரு மிடறுல இரிக்கிறது மட்டும்.”

மாமா கோப்பையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். “அப்ப அது பொய் இல்லயே?” என்று மெதுவாகக் கேட்டார். பொய் இல்லை என்று ராத்தா அடித்துச் சொன்னாள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, ஒரு கரண்டியை அண்டாவில் விட்டார். மிச்சக் கோப்பையை மாமிக்கென்று மூடி வைத்தார். நான் சும்மா இருக்காமல், வேனில் ஊறியது என்ன ஆகும் என்று கேட்டேன். காய்ந்து மேகமாகி மழையாக இறங்கும் என்றாள் ராத்தா. மாமா சப்பாத்துச் சட்டம் போட்டது அதைக் கேட்ட பிறகுதான். மேகமாகப் போகும்வரைக்கும் அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும் அல்லவா.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு மாமா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். உம்மா பின்முற்றத்தில் பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமி என்னைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, அண்டாவும் கோப்பையும் இருந்த குசினிக்கு வந்தார். மூடியை எடுத்து, கோப்பையைக் கொஞ்ச நேரம் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். குடிக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அதை அப்படியே அண்டாவில் ஊற்றிவிட்டார்.

நான் பதறிப்போனேன். “மாமி, ஒரு கரண்டி போதும்னு ராத்தா கணக்குப் போட்டுச் சொன்னா. மிச்சம் ஒங்களுக்கு.”

“எல்லாம் படுத்துக்கிட்டே கேட்டேன் மகள். எல்லாருக்கும் கரண்டிக் கணக்கு, எனக்கு மட்டும் கோப்பைக் கணக்கா?” என்றார் மாமி. பிறகு, “மாமாக்கிட்ட சொல்லிடாத. அவரு மனசு தாங்காது” என்றார்.

பாவம், மாமிக்குக் கணக்கு வராது என்று எனக்குத் தோன்றியது. நாட்காட்டித் தாளைக் கொண்டுவந்து, சைபர் சைபராகத் தொட்டுக் காட்டி, ராத்தா சொன்னதை முழுக்கத் திருப்பிச் சொன்னேன். மாமி தலையை ஆட்டிப் பொறுமையாகக் கேட்டார். விளங்கியதா என்று கேட்டதற்கு, விளங்கியது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று பொழுது சாயும்வரை ஆட்கள் வந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி சின்னப் போத்தலில் வாங்கிப்போனாள். மாரியம்மன் கோயில் தெருவில் கடை வைத்திருந்த மாமாவின் சிநேகிதர், தீர்த்தம் வாங்குவது போல உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். மாமா ஒவ்வொருவருக்கும் கண்ணைப் பார்த்துக் கொடுத்தார். எல்லோரும் போன பிறகு மாமி தன் போத்தலில் ஒரு மிடறை முற்றத்துப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, அந்த அளவுக்கு அண்டாவிலிருந்து மொண்டு, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நின்று குடித்தார். குடித்து முடித்து நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

“கோப்பையில இரிந்தத குடிச்சியா?” என்று மாமா பிறகு கேட்டார். “குடிச்சேன்” என்றார் மாமி.

மாமி போய்ச் சேர்ந்து இப்போது பல காலம் ஆகிறது. மாமா வேனை விற்றுவிட்டார். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். “சுத்தமான ஸம்ஸம் மகள். ஒரு கோப்பை முழுக்க அவ குடிச்சா. எனக்கு அது போதும்” என்பார். நான் ஆமாம் மாமா என்பேன். அது முழுக்கப் பொய்யும் இல்லை என்று ராத்தாவின் கணக்கு எனக்குத் துணை நிற்கிறது.

அந்தக் கணக்கை அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஆனால் வருகிறவர்களுக்குத்தான் அது போதும் என்று வைத்திருந்தோம், மாமிக்குப் போதும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்குப் போட்ட ராத்தாவுக்கே தோன்றவில்லை. அதை முழுசாக நம்பியவர் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சைபர்களை விரலால் தொட்டுத் தொட்டு, நான் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.