பதினோராவது வளைவின் வரைபடம்

ஆரோக்கியசெல்வி ஏற்காட்டில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மலைச்சாலை வரைபடங்களைத் திருத்துவது அவள் வேலை. வரைபடங்களும் அவற்றை வரையும் புரோகிராமும் மாடியில், ஏசி அறையிலிருந்த யூனிக்ஸ் வகைப் பெரிய கம்ப்யூட்டர் எந்திரத்தில் இருந்தன. அங்கே இருந்தது ஒரே திரை. அதன் முன்னால் எப்போதும் எஞ்சினியர் சூசைமாணிக்கம் இருப்பார். அதனால் 1995 தொடக்கத்தில் கீழே அவள் மேசைக் கம்ப்யூட்டரில் எக்ஸ் சர்வர் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். புரோகிராம் மாடியில் ஓடும். அதன் ஜன்னல் மட்டும் கேபிள் வழியாக இறங்கி அவள் திரையில் விரியும். மௌஸை இங்கே அசைத்தால் கோடு அங்கே நகரும். இரண்டே நாளில் பழகிக்கொண்டாள்.

ஆகஸ்டில் அவள் கணவன் ஆரோக்கியதாஸ் இறந்துபோனான். எஸ்டேட் ஜீப் ஓட்டியவன். நல்ல மழையில், பதினோராவது கொண்டை ஊசி வளைவில், ஜீப் தடுப்புச்சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது.

பதினேழாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். செம்மநத்தம் கிராமத்தில் தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன. இங்கே கைக்கு வேலை இருந்தது.

மழையில் சாலை சேதமான இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டியிருந்தது. சூசைமாணிக்கம் அளவைத் தாள்களோடு இறங்கி வந்து தயங்கி நின்றார்.

"அக்கா, பதினோராவது வளைவ மட்டும் நான் மேலயே பாத்துக்கறனுங்க."

"வேண்டாமுங்க சார். வரிசையா வரும்போது அதையும் பண்ணிப்போடறேன்."

மூன்றாம் நாள் அது வந்தது. தாளில், 'சுவர் பன்னிரண்டு மீட்டர் இல்லை' என்று எழுதியிருந்தது. திரையில் சுவர் முழுசாக இருந்தது. பன்னிரண்டு மீட்டரைத் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

சேமிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் மாடி எந்திரத்துக்குத்தான். மாடிப்படியிலிருந்து சூசைமாணிக்கம் எட்டிப் பார்த்தார்.

"எந்திரம் ஓடிட்டுத்தான் இருக்குதுங்க அக்கா. ஆனா உங்க திரை போனதும் புரோகிராமும் நின்னுருச்சு. சேமிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப பழையபடிதான் இருக்கும்."

கரண்ட் வந்ததும் மறுபடி திறந்தாள். வரைபடம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பதினோராவது வளைவில் சுவர் இருந்தது. ஒரு கல்கூட உதிராத சுவர்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியே விட்டுவிட்டு அடுத்த வளைவுக்குப் போனால் யாருக்கும் தெரியாது. காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், அது ஆறிப்போனது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பிறகு அந்தப் பன்னிரண்டு மீட்டரை இரண்டாம் முறையாக அழித்தாள். இந்தத் தடவை சேமித்தாள். தாளின் மூலையில் பென்சிலால் ஒரு டிக் போட்டாள்.

அடுத்த வருஷம் அங்கே கருங்கல் சுவர் எழும்பியது. வரைபடத்தில் சுவரை அழித்த நாளைப் பற்றிக் கேட்டவர்களிடம், "ஒண்ணுந் தோணலீங்க, கை பாட்டுக்கு வேல செஞ்சுது" என்பாள்.

அவளுக்கு மறுபடி பசி என்ற ஒன்று வர, கணவன் இறந்த அந்த வருஷம் நவம்பர் ஆயிற்று. ஒரு காலையில், பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு போண்டா வாங்கி, பனிக்குள் நின்றபடியே தின்றாள். பிறகு இன்னும் ஒன்று கேட்டாள்.