நெடா ராட்கோவிச் வாங்கிய ரைஃபிள்

நெடா ராட்கோவிச் சுட்ட முதல் எல்க் மான் சாவதற்கு அரை நாள் ஆனது.

அது ஒரு பெட்டை. ஈரப்பனி விழுந்துகொண்டிருந்த அக்டோபர் காலையில், சரிவில் பக்கவாட்டாக நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நெடா நிதானமாக உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்துச் சுட்டாள். தோட்டா போய் வயிற்றில் ஏறியது. மான் குடல் சரிந்து பைன் காட்டுக்குள் ஓடியது. ரத்தத்தையும் அரைத்த புல்லையும் பனியில் பார்த்துப் பார்த்து அவள் பின்னாலேயே போனாள். அது தன் குடலைத் தானே மிதித்து விழுந்தது, எழுந்தது, மறுபடி ஓடியது. கிட்டத்தில் போய்ச் சுட்ட இரண்டாவது தோட்டாவும் விலகி மரத்தில் பாய்ந்தது. கடைசியில் ஓடைக்கரையில் படுத்துவிட்ட மானின் கழுத்தைக் கத்தியால் அறுத்தாள். சாகிற உதையில் அவள் முழங்கால் வீங்கிப்போயிற்று.

அவள் புருஷன் வேட் டன்ஸ்டல் குதிரைமேல் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தான். பெண்பிள்ளை கையில் தன் அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்தது தன் தப்பு என்றான்.

அந்தத் துப்பாக்கியை எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். வேடின் அப்பா சொல்லிவைத்துச் செய்த ரைஃபிள். வால்நட் கட்டையில் ஓக் இலைகளும் ஓடுகிற மான்களும் செதுக்கியிருக்கும். வேட் அதைத் துப்பாக்கியாக வைத்திருந்ததைவிடத் தடியாக வைத்திருந்ததுதான் அதிகம். அதன் கட்டையால் கதவை இடித்துத் திறப்பான், முரண்டு பிடிக்கும் குதிரையின் நெற்றியில் அடிப்பான். மேலே பூட்டிய தொலைநோக்கி எத்தனை தரம் நகர்ந்திருக்குமோ. குறி சரியாக இருக்கிறதா என்று ஒருநாளும் அவன் அதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் நெடா, துப்பாக்கியில்தான் கோளாறு என்று சொன்னாள். அவன் சுவரில் சாத்தியிருந்ததை எடுத்து, அதன் கட்டையால் அவள் வலது தோளில் இடித்தான். கழுத்துப்பட்டை எலும்பு உடைந்த சத்தம் தனக்கே கேட்டது என்று பிற்பாடு சொன்னாள். அவள் விழுந்த பிறகு இன்னொரு தரம் இடித்தான்.

அடுத்த நாள் அவன் மாடுகளைப் பார்க்கப் போனதும், ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு எமெட் சோரலின் வீட்டுக்குப் போனாள். எமெட், வெளியூர்க்காரர்களை மலைக்கு வேட்டைக்கு அழைத்துப் போகிற தொழில் செய்பவர். அவர் கூடாரங்களுக்குச் சமையலாளாகச் சேர்ந்தாள். விவாகரத்து ஆயிற்று. எலும்பு கோணலாகத்தான் கூடியது. சட்டைக்கு மேலேயே அந்த முடிச்சு தெரியும்.

அவளுக்குத் தடம் பார்க்கிற கண் இருந்தது. இரண்டாம் வருஷமே எமெட் அவளை வேட்டைக்கு வழிகாட்டியாகப் போகச் சொன்னார். அப்படிப் போகிறவர் கையில் சொந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும். வேட்டைக்கு வந்தவன் காயப்படுத்திவிடுகிற மானை முடித்துவைப்பதும் வழிகாட்டியின் வேலைதான்.

அந்த வசந்தத்தில்தான் என் கடைக்கு வந்தாள். ஆணி, மாட்டுத் தீவனம், துப்பாக்கி எல்லாம் விற்கிற கடை. நான் வழக்கம்போல, அழகான வேலைப்பாடு உள்ள ஒன்றை முதலில் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"ஆர்வில், எனக்குப் பூவும் மானும் செதுக்கினது வேணாம். பாக்டரியில செஞ்சு பெட்டியில வந்தது போதும். ஆனா சுட்டுப் பாக்காம வாங்க மாட்டேன்."

யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபிறகு மறுக்கத் தோன்றவில்லை. மூன்று தொழிற்சாலைகளின் சரக்கை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரிக்குப் போனோம். மூன்றும் ஒரே அளவுத் தோட்டா போடுகிறவை. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் பின்னுக்கு இழுத்துத் தள்ளுகிற பூட்டு உள்ளவை.

முதலாவதற்குப் பளபளப்பான மரக்கட்டை. முதல் இரண்டு குண்டும் அருகருகே விழுந்தன. குழல் சூடேற ஏற அடுத்தடுத்த குண்டுகள் மேலே ஏறிக்கொண்டே போயின. நெடா ஒரு காகிதத்தை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்த்தாள். பாதியிலேயே சிக்கிக்கொண்டது. மரம் குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈரத்தில் மரம் உப்பினால் குழலை இன்னும் நெருக்கும், குறி இன்னும் விலகும் என்றேன். அவள் அதை உறையில் போட்டாள்.

இரண்டாவது நன்றாகச் சுட்டது. என் கையில். அவள் கையில் அதன் விசை நகர மறுத்தது. பலம் கொடுத்து இழுக்கும்போது குழல் ஆடிவிடுகிறது. கட்டையும் நீளம். அதன் அடி நேராக அந்தக் கோணல் எலும்பின்மேல் உட்கார்ந்தது. மூன்றாவது குண்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாவதைப் பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் கட்டை. இரும்பில் மெருகே கிடையாது. காகிதம் குழலடியில் தடையில்லாமல் ஓடியது. விசை மெல்லியது. மூன்று குண்டையும் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடக்கிவிடலாம் என்கிற மாதிரி போட்டாள். எனக்குத் திருப்தி. அவளுக்கு இல்லை.

சூடான குழலில் மூன்று குண்டை ஒரே இடத்தில் போடுவது தனக்கு எதற்கு என்று கேட்டாள். மலையில் கிடைப்பது ஒரு குண்டு, அதுவும் குளிர்ந்த குழலில். அதனால் காலையில் வந்து ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுப் போவாள். வேறொரு நாள் வந்து, அதே காகிதத்தில் இன்னொன்று. ஒருநாள் வாளித் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்துவிட்டுச் சுட்டாள். ஒருநாள் வண்டியின் பின்னால் போட்டுக் கல்பாதையில் ஓட்டிக்கொண்டுவந்து சுட்டாள். என்னிடம் இருந்த தோட்டா வகைகளையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டாள். அதில் கனமான ஒரு வகையைத்தான் அந்தத் துப்பாக்கி விரும்பியது. கடைசியில் அந்தக் காகிதத்தில் எல்லாக் குண்டும் ஒரே கிழிசலில் விழுந்திருந்தன.

கடையில் எப்போதும் அடுப்போரம் உட்கார்ந்திருக்கும் கிழவன் காஸ்பர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கக்கூஸ் பைப்பு மாதிரி இருக்கு. தண்ணி வருமா?" என்றான்.

"தண்ணி வராது காஸ்பர். குண்டு சொன்ன எடத்துக்குத்தான் போவும். உங்க வயசுல உங்களுக்குத் தண்ணி அப்படிப் போறதில்லன்னு கேள்வி."

அடுப்போரக் கூட்டம் அன்று முழுக்கச் சிரித்தது. நான் கட்டையின் அடியில் விரல்கடை அளவு அறுத்து, தடித்த ரப்பர் வைத்துக் கொடுத்தேன். அவள் தோளுக்கு அது பொருந்தியது.

அதற்குப் பிறகு வந்த இலையுதிர் காலங்களில் அவள் சுட்ட எந்த மானும் நூறடிக்கு மேல் ஓடியதாக நான் கேள்விப்படவில்லை. தாடை சிதறிய மான், கால் தொங்குகிற மான், நுரையீரலில் ஓட்டையோடு குட்டையில் நின்ற மான் என்று மற்றவர்கள் விட்டுவைத்ததையெல்லாம் முடித்துவைத்தாள்.

பிறகு ஒரு வருஷம், வேட்டைக்காலம் தொடங்குகிற நேரத்தில் எமெட்டின் கோவேறு கழுதைக்காரன் கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். மூட்டை ஏற்றுகிற கழுதைகளை நடத்தத் தெரிந்த ஆள் அப்போது சும்மா இருந்தது வேட் ஒருவன்தான். எமெட் அவளிடம் கேட்டார். தன் கூடாரப் பக்கம் அவன் வரக்கூடாது, அவ்வளவுதான் என்றாள். வேட் அப்படியே நடந்துகொண்டான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் துப்பாக்கியைக் காட்டி, அவளுக்கும் அதற்கும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று வந்தவர்களிடம் கேட்பான். ஓக் இலை செதுக்கிய துப்பாக்கியைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு திரிவான்.

விருந்தாளியாக வந்த ஒரு பல் மருத்துவர் முந்தின மாலை பெரிய கொம்பு மான் ஒன்றைச் சுட்டிருந்தார். இருட்டிவிட்டதால் இறைச்சியைத் துண்டுபோட்டு மரத்தடியில் விட்டுவிட்டு வந்தார்கள். விடிந்ததும் அதை ஏற்றிவர வேட் இரண்டு கழுதைகளோடு போனான். நெடா மருத்துவரோடு எதிர்ச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பள்ளம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரியும்.

மரத்தடியில் மண்ணும் சருகும் குவிந்து கிடந்தன. கிரிஸ்லி கரடி தன் இரையை அப்படித்தான் மூடிவைக்கும். நெடா அதைப் பார்த்துக் கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. வேட் கழுதைக் கயிற்றைப் பிடித்தபடி நேராகக் குவியலுக்கே போனான்.

கரடி பக்கத்துப் புதரிலிருந்து வந்தது. முன்கழுதையை ஒரே அறையில் கழுத்தை ஒடித்துச் சாய்த்தது. மற்றது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வேட் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்துப் பத்தடித் தூரத்தில் சுட்டான். அது கரடியின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்த குண்டு போடுவதற்குள் கரடி அவன்மேல் ஏறிவிட்டது. துப்பாக்கிக் கட்டையைக் குறுக்கே கொடுத்தான். அதைக் கடித்து உடைத்தது. பிறகு அவன் தலையை வாயில் கவ்வி உதறியது. பள்ளத்தைத் தாண்டி அவன் அலறல் கேட்டது. பிறகு அலறலும் நின்றுவிட்டது, எலும்பில் பல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது என்று மருத்துவர் என்னிடம் சொன்னார்.

நெடா தன் முதுகுப் பையைக் கீழே எறிந்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்துக் குப்புறப் படுத்தாள். மருத்துவர் சுடச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் சுடவில்லை. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அப்போது சுட்டாள். கரடியின் தோள் நொறுங்கி அது சாய்ந்து எழுந்தது. இரண்டாவது குண்டு கழுத்தில். கரடி வேடின் கால்மேலேயே விழுந்து செத்தது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வேடின் தலைத்தோல் புருவத்திலிருந்து பிடரிவரை உரிந்து தொங்கியது. இடது கண் இல்லை. தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மூச்சு குமிழ் குமிழாக வந்தது. உரிந்த தோலைத் தூக்கி மேலே வைத்து, தன் சட்டையைக் கிழித்துக் கட்டினாள். ரத்தம் தொண்டைக்குள் இறங்காமல் அவனைக் குப்புறச் சாய்த்து, ஹெலிகாப்டர் வரும்வரை தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட மிருகம் என்பதால் வேட்டைத்துறை அதிகாரி வந்து விசாரித்தார். மருத்துவர் சொன்னதைக் கேட்டு, கரடியின் உடம்பைப் பார்த்து, குற்றம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். என் கடை அடுப்போரத்தில் விசாரணை முடியவில்லை. பழைய பாசம் என்றார்கள் சிலர். குண்டு கொஞ்சம் விலகியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றார்கள் சிலர். அப்படிச் சொன்னவர்களில் வேடின் சொந்தத் தம்பியும் உண்டு.

அவள் ஒரே ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவனுடைய பொருள்களைக் கொடுக்க எமெட் போனபோது கூடவே. நானும் வண்டி ஓட்டிப் போயிருந்தேன். வேடின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பல்லுக்கு நடுவே பேசினான்.

"நீ உடனே சுடலடி. எனக்குத் தெரியும். அது என்னைத் தின்னுட்டு இருக்கு, நீ பாத்துட்டு இருந்த."

"ஆமா," என்றாள் நெடா.

எமெட் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகப் பார்த்தார். அவள் நகரவில்லை.

"ஸ்கோப்புல ரெண்டு தலையும் ஒண்ணாத் தெரிஞ்சுது வேட். உன் தலை விலகுறதுக்காகத்தான் காத்திருந்தேன். வேற ஏதாச்சும் நெனச்சியான்னு கேட்டா, நெனச்சேன். ரெண்டுல எத அடிக்கணும்னாலும் அந்தத் துப்பாக்கி அடிக்கும்னு எனக்குத் தெரியும். அத நெனச்சேன். அப்புறம் கரடிய அடிச்சேன்."

அவன் மிஞ்சின ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் பசிக்கிறது என்றாள். சாலையோரக் கடையில் நிறுத்தி, மூன்று பேரும் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். அவள் என் தட்டில் இருந்ததையும் எடுத்துக்கொண்டாள்.

வேட் குணமானதும் நெவாடாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே மதுக்கடையில் அந்த முகத்தைக் காட்டி, கரடியைத் தானே சுட்டுக் கொன்றதாகச் சொல்லி இலவசமாகக் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டோம். நெடாவிடம் சொன்னபோது குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டுப் போவட்டும்," என்றாள். "அவன் பக்கத்துல உக்காந்து குடிக்கிற பொம்பள எவளாவது இருந்தா, அவளுக்கு யாராச்சும் மிச்சத்தையும் சொல்லுங்க."

எமெட் அதே வாரம் அந்த மதுக்கடைக்குத் தொலைபேசியில் பேசி, கோணலாகக் கூடிய அந்த எலும்புவரை மிச்சத்தையும் சொன்னார்.