கடன் வாங்காத கழித்தல்

தம்பி அவளைச் 'சட்டாம்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவான். துவைத்த துணியை மடிப்பதானாலும் கணக்குப் போடுவதானாலும் அவளுக்கு ஒரே முறைதான். ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டமாக ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனபோது, அவள் வைத்த முதல் தேர்வும் அப்படித்தான் இருந்தது. விடைக்கு ஒரு மதிப்பெண். கடன் வாங்கிக் கழித்த படிகளுக்கு இரண்டு.

வகுப்பே 'நெட்டச்சி' என்று கூப்பிடும் கடைசி பெஞ்சு உயரமான பெண் ஒரு படியும் எழுதவில்லை. ஆயிரத்தில் முந்நூற்று எண்பத்தேழு போனால் அறுநூற்றுப் பதின்மூன்று. அவ்வளவுதான். மற்ற கணக்குகளும் அப்படியே. எல்லாம் சரி.

"யாரப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல டீச்சர்."

"அப்ப மந்திரம் போட்டியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. தாளின் தலையில் சிவப்பு மையால் 'பார்த்து எழுதியது' என்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே தம்பியிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள்.

"சரிக்கா, பக்கத்துல இருந்தவ எல்லாத்தையும் சரியா போட்டிருந்தாளா?"

ஈரக் கையோடு போய் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கு எல்லாமே தப்பு. முன்னால் இருந்தவளுக்கும்.

"தப்பப் பாத்துச் சரியா எழுதியிருக்கா. பலே கெட்டிக்காரி!" என்றான் தம்பி.

மறுநாள் நெட்டச்சியைத் தனியாகத் தண்ணீர்க் குழாயருகே கூப்பிட்டாள்.

"திட்டமாட்டேன். எப்படிப் போட்டேன்னு மட்டும் சொல்லு."

"ரெண்டுலயும் ஒண்ண எடுத்துடுவேன் டீச்சர். ஆயிரம், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதா ஆயிடும். அதுல முந்நூத்தி எம்பத்தாறு போறதுக்குக் கடனே வாங்க வேணாம்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "இனிமே அப்படிச் செய்யமாட்டேன் டீச்சர்."

இத்தனை வருடம் கணக்குப் படித்தவளுக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. தாளை வாங்கிச் சிவப்பு எழுத்தை அடித்தாள். முழு மதிப்பெண் போட்டாள். வகுப்பு முன்னால் நிறுத்தி, தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நெட்டச்சி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் வகுப்பாசிரியை. "முழுப் பரீட்சையில படிக்குத்தான் மார்க். நீ அடுத்த வாரம் போயிடுவ. நான்ல இதுங்கள கட்டி மேய்க்கணும்?"

கடைசி நாள் தேர்வில் அவள் படிகளுக்கு மதிப்பெண் வைக்கவில்லை. ஒவ்வொரு கணக்கின் கீழும் இடம் விட்டு, 'எப்படிச் செய்தாய்? உனக்குத் தோன்றியபடி எழுது' என்று கேட்டிருந்தாள்.

நெட்டச்சியின் தாளைத்தான் முதலில் தேடி எடுத்தாள். பூஜ்யங்கள் அடிக்கப்பட்டு, தலைக்கு மேல் பொடிப் பொடியாக ஒன்பதுகள். ஒரு படி விடவில்லை. விடைகள் சரி. கீழே குண்டுக் கையெழுத்தில், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே பதில்: 'டீச்சர் போர்டில் போட்டபடி செய்தேன்.'

மேசையோரம் வந்து நின்றது அந்தப் பெண்.

"இப்ப சரியா டீச்சர்?"

தப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

"சரிம்மா," என்றாள்.